பரண்மேல் பதில்கள்

‘வீட்டில் இருப்பதிலேயே பழைய பொருள் எது? ஊர் ஒரு பக்கம் போக, நீங்கள் ஒரு பக்கம் வாழ்கிறீர்களா? எழுதுங்கள்’ என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி மாமியார்களைப் பற்றி. அவற்றை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று ஆசிரியர் இன்னும் முடிவு செய்யவில்லை. மீதிக்கு உறையூரிலிருந்து பதில்.

ஸ்ரீரங்கம், உத்தர வீதி வாசகர்: எங்கள் கொள்ளுத்தாத்தா வாங்கிய சுவர்க் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. நூறு வயது தாண்டிவிட்டது. இந்த வீதியிலேயே பழைய பொருள் எங்களுடையதுதானே?

பக்கத்து வீட்டு மாமாவின் பூஜைப் பெட்டியான கோயிலாழ்வாரைத் திறந்து பார்த்துவிட்டுப் பந்தயம் கட்டுங்கள். உள்ளே சாளக்கிராமம் இருக்கும். நேபாளத்தில் காளிகண்டகி ஆறு உருட்டிக் கொடுத்த கல். அதில் சக்கரம் போலத் தெரிவது அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடு. இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே கிடந்த கடலில் அது நீந்திக்கொண்டிருந்தது. வயது பத்துக் கோடி ஆண்டுக்கும் மேல். டைனோசர் காலத்துப் பிராணிக்கு இன்றைக்கும் திருமஞ்சனம் செய்து, துளசி சாத்தி, வேளை தவறாமல் தளிகை காட்டுகிறோம். உங்கள் கடிகாரத்துக்கு வாரம் ஒரு முறை சாவி கொடுப்பதையே பெரிய சேவையாக எழுதியிருக்கிறீர்கள்.

நேபாளம் வரை போக வேண்டாம் என்பவர்களுக்குப் பெரம்பலூர் மாவட்டமே போதும். காரையில் ஒரு காலத்தில் கடல். மண்ணில் அதே அம்மோனைட் ஓடுகள். சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீள மரம் ஒன்று கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி எழுதினார். பார்த்துவிட்டு வாருங்கள், பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

சாளக்கிராமத்தில் சிக்கல் ஒன்றுதான். பூஜை இல்லாமல் வைக்கக் கூடாது என்பது முறை, பிள்ளைகளோ நியூஜெர்சியில். வீட்டு மனைக்கு எல்லோரும் கை நீட்டுகிறார்கள். சாளக்கிராமத்துக்கு எல்லோரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள்.

தில்லை நகர் வாசகர்: மினிமலிசம் பற்றிப் படித்தேன். நூறு பொருள்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாமல் வாழ முடிவு செய்திருக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். மலைக்கோட்டைக்கு ஏறுங்கள். உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க அல்ல, பின்பக்கம் பாறையில் சமணத் துறவிகளுக்கு வெட்டிக் கொடுத்த கல்படுக்கைகளைப் பார்க்க. அது சின்ன விடுதி. பெரிய விடுதி புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டத்தில். வழவழவென்று தேய்த்த பதினேழு படுக்கைகள், தலையணைக்குக்கூடக் கல்லிலேயே மேடு. பஞ்சு இல்லை, மூட்டைப்பூச்சி இல்லை, இஎம்ஐ இல்லை. இரண்டாயிரம் ஆண்டாக ஒருவரும் மாற்ற வேண்டும் என்று சொல்லாத கட்டில்.

ஆனால் ஒரு படுக்கையின் பக்கத்தில் தமிழி எழுத்து இருக்கிறது. எருமை நாட்டுக்காரரான துறவிக்கு, சிறுபோசில் ஊர் இளையர் செய்து கொடுத்தது என்று. வாங்கியவர் உலகத்தையே துறந்தவர். கொடுத்தவர் தன் பெயரைத் துறக்கவில்லை. நம் கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’ என்று எழுதி வெளிச்சத்தையே மறைக்கிறார்களே, அந்தக் குடும்பத்தின் மூத்த கிளை.

உங்கள் நூறில் செல்போன் சார்ஜர் ஒன்றா, வயர் தனியா என்று மட்டும் முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். மினிமலிஸ்டுகள் சண்டை போடுவது அங்கேதான்.

பெயர் வேண்டாம், என் மாமியார் இந்தப் பத்தியைப் படிப்பார். புத்தூர்: மாமியார் கொடுத்த ஈயச் சொம்பு. ரசம் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் அது எண்பது வருடத்துப் பொருளாம். என்னை நம்பிக் கொடுத்தது பாசமா, பரீட்சையா?

பரீட்சைதான். ஈயச் சொம்பு வெள்ளீயம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே புளித்தண்ணீர் இருக்கிறவரை கவலை இல்லை. தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கு மேல் சொம்பு போகாது. காலிச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் காய்கறிக்காரரிடம் பேரம் பேசப் போனால், திரும்பி வரும்போது அடுப்பில் வெள்ளிக் குட்டைதான் இருக்கும். அதை எண்பது வருடம் காப்பாற்றியவர் எத்தனை போன் பேச்சைப் பாதியில் வெட்டியிருப்பார், யோசியுங்கள். வாங்கும்போது காரீயம் கலக்காததா என்று விசாரித்திருக்க வேண்டும், அவரும் விசாரித்திருப்பார். முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு. பாஸாகிவிடுவீர்கள்.

(வணக்கம், மாமி.)

தென்னூர் வாசகி: கணவருக்கு ஓசூரில் வேலை, எனக்கு இங்கே. மாதம் இரண்டு நாள்தான் சேர்ந்து இருக்கிறோம். ‘இது ஒரு குடும்பமா’ என்கிறார்கள் உறவினர்கள்.

உறையூர் நாச்சியார் கோயிலில் கமலவல்லித் தாயாரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அவருக்கு வருடம் ஒரு நாள். பங்குனி ஆயில்யத்தில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் ஆற்றைக் கடந்து வந்து சேர்த்தி சேவை கொடுத்துவிட்டு இரவே கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகுதான் ரசமே. போட்டுக்கொண்டு வந்த கணையாழியை இங்கே கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் விரலோடு வீடு திரும்பினார் என்பது ஊர்க் கதை. ஸ்ரீரங்கத்தில் ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திக்கொள்கிறார். மட்டையடி நடக்கிறது. பூவும் வாழைமட்டையும் பறக்கின்றன. நம்மாழ்வார் நடுவில் புகுந்து சமாதானம் பேசுகிறார். உத்திரத்தன்று அங்கே ஒரு சேர்த்தி.

ஆண்டுதோறும் ஒரு பெருமாள் குடும்பத்தின் சண்டையை ஊரே டிக்கெட் இல்லாமல் பார்க்கிறது. யாரும் ‘இது ஒரு குடும்பமா’ என்று கேட்டதில்லை. கேட்பவர்களுக்குப் பிரசாதம் கொடுத்து அனுப்புங்கள்.

பாண்டமங்கலம் வாசகர்: என் வீட்டு ஃபிரிட்ஜுக்கு இருபத்தைந்து வயது. மகன் மாற்றச் சொல்கிறான். பழசுதான் உறுதி என்று நான் சொல்கிறேன். யார் பக்கம்?

உங்கள் வாதத்துக்கு நம் ஆற்றிலேயே சாட்சி உண்டு. கல்லணை கரிகாலன் காலத்தது என்பார்கள். கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டு. முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே வெள்ளைக்காரர்கள் 1836இல் வேலையைத் தொடங்கிக் கட்டிய அணையில் 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போய்விட்டன. அடுத்த நாள் டீக்கடையெல்லாம் இதே பேச்சு: ‘பார்த்தியா, நம்ம ஆளு கட்டினது நிக்குது!’

கொஞ்சம் பொறுங்கள். நம்ம ஆள் கட்டியது அப்படியே நிற்கவில்லை. ஆற்று மணலில் பெரிய கற்களைப் போட்டு, அவை தாமாகப் புதைந்து நிலைக்கும்வரை மேலே மேலே அடுக்கியது பழைய வேலை. மணலுக்கு அடியில் பாறை தேடாமலே அஸ்திவாரம் போடலாம் என்ற பாடத்தை ஆர்தர் காட்டன் அங்கேதான் படித்தார். அதற்குக் குருதட்சிணை போல 1830களில் கல்லணையில் மணல்போக்கிகளையும் அவர் வைத்தார். அதற்குப் பிறகும் கதவுகள், பாலம், சிமெண்டுப் பூச்சு. ஒவ்வொரு தலைமுறையும் கை வைத்திருக்கிறது. முக்கொம்பு அணை, பாவம், ஆற்று மணல் அள்ளுகிற காலத்துக்கு வந்து மாட்டிக்கொண்டது.

ஆகவே கல்லணையைச் சொல்லி ஃபிரிட்ஜைக் காப்பாற்ற முடியாது. அடியில் துருப் பிடித்துத் தண்ணீர் ஒழுகினால் மகன் பக்கம். கரண்ட் பில்லைப் பார்த்தபின் நீங்களும் அவன் பக்கம்.

துறையூர் வாசகர்: வீடு கட்ட ஆரம்பித்து மூன்று வருடம். மேஸ்திரி ‘இதோ, இதோ’ என்கிறார்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் நானூறு ஆண்டுக்கு மேல் மொட்டைக் கோபுரமாக நின்று 1987இல் முடிந்தது. 236 அடி. உங்கள் மேஸ்திரியிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

பீமநகர் கல்லூரி மாணவர்: ஆறு வருடமாக ஆன்லைனில் ஒரு நண்பர். நேரில் பார்த்ததே இல்லை. இதை நட்பு என்று சொல்லலாமா?

இதற்குப் பிசிராந்தையாரை இழுக்காமல் பதில் எழுதினால் உறையூரில் குடியிருக்க விடமாட்டார்கள். கோப்பெருஞ்சோழன் பிள்ளைகளோடு சண்டை, மனம் வெறுத்து வடக்கிருந்தான். பார்த்தே இராத பாண்டிநாட்டு நண்பர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து உயிர் விட்டார். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எனக்கு அதைவிடப் பிடித்தவர் பொத்தியார். அவரும் கூட உட்கார வந்தார். மனைவி பிள்ளைத்தாச்சி, ‘குழந்தை பிறந்தபின் வா’ என்று அரசன் திருப்பி அனுப்பினான். போனார். குழந்தை பிறந்தது. சொன்னபடி திரும்பி வந்தார். அதற்குள் அரசன் நடுகல்லாகிவிட்டான். தூரத்து நண்பரைப் பாட்டாகப் படிக்கிறோம். இத்தனை வீட்டு வேலைக்கு நடுவே வாக்கைக் காப்பாற்றியவர் தேர்வில்கூட வருவதில்லை.

உங்கள் நண்பர் கடன் கேட்கும்வரை நட்புதான்.

கே.கே. நகர் வாசகர்: நாற்பது வயது. வங்கி வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றப் போகிறேன். முன்மாதிரி உண்டா?

உள்ளூரிலேயே. தாயுமானவர் திருச்சியில் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அரண்மனையில் கணக்குப் பார்த்தவர். அப்பா இருந்த வேலை, அரசு உத்தியோகம், மலைக்கோட்டை ஓரம் ஜாகை. எல்லாவற்றையும் விட்டார். ஆனால் அவர் வரலாற்றில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. அரண்மனையை விட்டபின் உறவினர்கள் பிடித்து இழுத்துக் கல்யாணம் செய்து வைத்தார்கள். ஒரு மகன் பிறந்து, மனைவி இறந்தபிறகுதான் துறவு கைகூடியது. உங்கள் கடிதத்தில் மனைவி, மக்கள் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்களிடம் சொல்லியாயிற்றா, இந்த இதழைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டீர்களா?

நாச்சியார் கோயில் தெரு சிறுமி, ஏழாம் வகுப்பு: வெக்காளியம்மனுக்கு ஏன் கூரை இல்லை? மழையில் நனையாதா?

நனையும், வெயிலில் காயும். ஊரில் ஒரு முறை மண்மாரி பெய்து ஜனங்கள் வீடிழந்து நின்றார்களாம். ‘உங்கள் எல்லோருக்கும் கூரை வரட்டும், பிறகு எனக்குப் போடுங்கள்’ என்று அம்மன் சொன்னதாகக் கதை. இன்னும் போடவில்லை என்றால் கணக்கு என்ன என்று உனக்கே புரியும், கண்ணு. எதிரே சூலத்தில் குறைகளைக் காகிதத்தில் எழுதிக் கட்டுகிறார்களே, அதில் வாடகை, வீட்டுக் கடன், பட்டா என்று எத்தனை இருக்கும் என்று நினைக்கிறாய்? அடுத்தவர் சீட்டைப் பிரித்துப் பார்க்காதே. பெரியவர்கள் பார்க்கிறார்கள். நீ பார்க்காதே.

திருவெறும்பூர் வாசகர்: நாடோடிகளுக்குப் பழைய பொருள் என்று ஏதாவது இருக்க முடியுமா? தூக்கிக்கொண்டே அலைவார்களா?

உங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் சாலையில் கொஞ்சம் போனால் தேவராயநேரி. நரிக்குறவர்கள் பெருவாரியாகக் குடியிருக்கும் ஊர். அங்கே போய்ச் ‘சாமி மூட்டை’ என்று சொல்லிப் பாருங்கள், குரல் இறங்கிவிடும். குலதெய்வத்தின் வெள்ளித் தகடு உருவங்கள், துணிகள், பூஜைச் சாமான்கள் எல்லாம் ஒரே மூட்டையில். அப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. பலிபூஜைக்குப் பிரிப்பார்கள், மற்ற நாளில் வெளியாள் கை படக்கூடாது.

யோசித்துப் பாருங்கள். மாடி வீட்டுக்காரரான உங்களிடம் தாத்தாவின் தாத்தா தொட்ட பொருள் ஒன்றாவது இருக்கிறதா? எங்கள் வீட்டில் இல்லை. பித்தளை அண்டாவெல்லாம் எவர்சில்வர் வந்தபோது எடைக்குப் போய்விட்டது. எவர்சில்வர் பிளாஸ்டிக் வந்தபோது போயிற்று. வீடும் நிலமும் இல்லாமல், பாசிமணி விற்று, ஊர் ஊராகக் கூடாரம் அடித்தவர்களிடம் தலைமுறை தலைமுறையாக ஒரு மூட்டை பத்திரமாக இருக்கிறது. பரண் இருப்பவன் தொலைக்கிறான். தோள் மட்டுமே இருப்பவன் தொலைப்பதில்லை. தூக்கிச் சுமக்க வேண்டும் என்றால் எதைச் சுமப்பது என்று முடிவு செய்தாக வேண்டுமே! நமக்கு அந்த நெருக்கடி வந்ததே இல்லை.

இப்போது அவர்களில் பலருக்கும் வீடு இருக்கிறது. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல பத்தாண்டு கேட்டு, 2023 ஜனவரியில்தான் சட்டம் வந்தது. சான்றிதழ் கேட்டு அலைகிற அலைச்சலுக்கு முன் பழைய அலைச்சல் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

டொராண்டோ வாசகி: 1995 ஒக்டோபர் முப்பதாம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா கையில் எடுத்தது காணி உறுதி மட்டும்தான். நகைகூட இல்லை. காணியில் இப்ப ஆர் இருக்கினம் எண்டும் தெரியாது. அந்தக் கடதாசியை என்ன செய்யிறது?

வைத்திருங்கள். இந்தப் பகுதிக்கு வந்ததிலேயே எனக்குப் பகடி வராத கடிதம் உங்களுடையது. அந்த ஒரு ராத்திரியில் வலிகாமத்தின் லட்சக்கணக்கான சனம் மழையில் ஒரே சாலையில் நடந்தது. எடுத்ததும் விட்டதும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டியல். திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு அகதிகள் முகாம் இருக்கிறது. 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள். அங்கே முப்பது வருடத்துக்கு மேலாக இருப்பவர்கள் உண்டு. பிளாஸ்டிக் உறைக்குள் உறையாகச் சுற்றிய காகிதங்களை அங்கேயும் பார்க்கலாம்.

நடைமுறையாக ஒன்று: லேமினேட் செய்துவிடாதீர்கள். பழைய தாளுக்கு அந்தச் சூடும் பிசினும் ஆகாது, பிறகு பிரிக்கவும் முடியாது. நல்ல வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பிள்ளைகள் இருவரிடம் கொடுத்துவையுங்கள். மூலத்தை அமிலம் இல்லாத தாளில் தட்டையாக வையுங்கள். அம்மா இருந்தால், எல்லைக்கு நாலு பக்கமும் ஆர் ஆர் இருந்தவை என்று அவர் வாயாலே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். உறுதியில் ‘வடக்கு எல்லை’ என்று ஒரு பெயர் இருக்கும். அந்த வீட்டுக் கிணற்றடியில் என்ன மரம் நின்றது என்பது அம்மாவுக்குத்தான் தெரியும்.

லால்குடி வாசகர்: பரணில் ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று கிடைத்தது. ஜாதகமா, வைத்தியமா, கொடுக்கல் வாங்கலா ஒன்றும் புரியவில்லை. ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் விட்டுவிடு என்கிறார் அத்தை.

அத்தைக்கு என் வணக்கமும் எதிர்ப்பும். பதினெட்டாம் பெருக்கில் ஆற்றோடு போன சுவடிகளைப் பற்றி உ.வே.சாமிநாதையர் வாழ்நாள் முழுக்க வயிறெரிந்தார். அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நம் திருச்சிப் பக்கத்துக்காரர். அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு என்ன தெரியும், காதோலை கருகமணியா, காப்பியமா என்று?

தஞ்சை சரசுவதி மகாலுக்கோ சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ காட்டுங்கள். அதுவரை கட்டை அவிழ்த்து வெயிலில் போடாதீர்கள். விறைத்த ஓலை விரலிலேயே உடையும். எலுமிச்சைப் புல் எண்ணெய் தடவிப் பதமாக்குவது சுவடிக்காரர்கள் கைமுறை. அவர்களே செய்யட்டும். கொடுக்கல் வாங்கல் கணக்காகவே இருந்தாலும் சந்தோஷம்தான். காப்பியத்தில் நெல் விலை இருக்காது.

பொன்மலை, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்: எங்கள் ஒர்க்ஷாப்பைப் பற்றி எழுதவே மாட்டீர்களா?

எழுதுகிறேன், ஐயா. ஊட்டி ரயிலின் நீராவி எஞ்சின்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் மலையிறங்கி வருவது பொன்மலைக்குத்தான். சிகிச்சை மட்டுமில்லை, அதே வகை எஞ்சினைப் புதிதாகவே கட்டி ஏற்றியும் அனுப்பியிருக்கிறீர்கள். நூற்றாண்டுப் பழைய வடிவத்தில் புத்தம் புது எஞ்சின்! பழசா புதுசா என்று கேட்டால் ஃபிட்டரைத்தான் கேட்க வேண்டும். அந்தக் கைகளுக்கு அடுத்த கை தயாராகிறதா என்று நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள், பிரசுரிக்கிறோம்.

உறையூர் வாசகர்: தாத்தாவின் சுருட்டுப் பெட்டி இருக்கிறது. பேரன் கேவலம் என்கிறான்.

1887இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில் கொலைகாரனைப் பற்றித் துப்பு சொன்னது தரையில் கிடந்த சாம்பல். திருச்சினாப்பள்ளி சுருட்டுச் சாம்பல்! பேரனுக்கு இந்த ஒரு தகவல் போதும். பெட்டியைக் கொடுங்கள், சுருட்டைக் கொடுக்காதீர்கள்.

வயலூர் சாலை வாசகி: ஐ.டி. வேலையை விட்டுவிட்டுக் கைத்தறி கற்றுக்கொள்ள ஆசை. பைத்தியம் என்கிறார்கள்.

தறிக்குழியில் காலை விட்டு ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள், பிறகு பேசலாம். முதல் வாரம் பாவு அறும், விழுது சிக்கும், நாடா தரையில் ஓடும், முதுகு உங்களோடு பேசாது. இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் பெருமை பேச வேண்டும்.

பெருமைக்கு என்ன குறைச்சல்? ஒன்றாம் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்த செங்கடல் வழிகாட்டியில் ‘அர்கரு’ என்ற உள்நாட்டு ஊரின் மெல்லிய துணி வருகிறது. அது உறையூர்தான் என்பது பெரும்பாலோர் முடிவு. 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் இங்கே தோண்டினார்கள். செங்கல் கட்டிய சாயத்தொட்டி ஒன்று வந்தது. ரோமானிய வணிகக் காலத்துப் பானை ஓடுகளும் தமிழி எழுத்துக் கீறிய ஓடுகளும் வந்தன. அதாவது இந்தத் தெருவுக்குக் கீழே இருப்பதும் நெசவாளர் தெருவே.

ஆனால் இன்று தறிச் சத்தம் கேட்கிற தெருக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை உங்கள் பழைய வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறான். நீங்கள் அவன் அப்பாவிடம் தொழில் படிக்கப் போகிறீர்கள். பைத்தியம் யார் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பள பாக்கி இல்லாமல் வெளியே வாருங்கள், நூல் விலை தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்.

திருவானைக்காவல் வாசகர்: பழைய பாத்திரத்தில் எல்லாம் பாட்டி பெயர் வெட்டியிருக்கிறது. அழித்துவிட்டு என் மனைவி பெயரை வெட்டலாமா?

கீழடிப் பானை ஓட்டில் ஆதன் பெயரை யாரும் அழிக்கவில்லை. இரவல் போன பானை வீடு திரும்பட்டும் என்று கீறியிருப்பான் என்பது என் ஊகம். பக்கத்தில் இடம் இருக்கும், அங்கே வெட்டுங்கள். பாட்டியும் பேத்திமுறைக்காரியும் ஒரே தூக்குச்சட்டியில் இருக்கட்டும்.

மதுரை வாசகர்: உங்கள் ரங்கநாதர் கண்ணிலிருந்து போன வைரம்தான் ரஷ்யாவில் இருக்கிறதாமே?

ஆர்லோவ் வைரம், 189.62 காரட், கிரெம்ளினில் ராணி காத்தரீனின் செங்கோல் முனையில். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிய சிப்பாய் ஒருவன் பக்தன் வேஷம் போட்டு ஸ்ரீரங்கத்தில் திருடினான் என்று ஐரோப்பியர்கள் எழுதி வைத்த கதை. அது மொகலாயர் வைரம் என்போரும் உண்டு. எனக்கு நம்பிக்கை குறைவு. ஸ்ரீரங்கத்தில் வெளியூர் ஆள் ஒருவன் வருடக்கணக்கில் தங்கி, எந்த ஆத்துப் பிள்ளை, எங்கே ஜாகை என்று நாலு பேர் விசாரிக்காமல் விட்டிருப்பார்களா?

திருட்டைவிடத் திரும்பி வந்த கதை பெரிது. 1323இல் தில்லிப் படை வந்தபோது பிள்ளை லோகாசாரியார் உற்சவரைத் தூக்கிக்கொண்டு தெற்கே போனார், வழியிலேயே காலமானார். மதுரைப் பக்கம், கேரளம், மைசூர்ப் பக்கம், திருமலை என்று சுற்றி 1371இல் பெருமாள் வீடு வந்தார். வந்தால் வீட்டில் வேறொருவர்! நாற்பத்தெட்டு ஆண்டில் இங்கே ஓர் உற்சவரை வைத்துப் பூஜை நடந்திருக்கிறது. யார் அசல்? பார்த்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். கடைசியில், கண் தெரியாத ஒரு முதிய சலவைத் தொழிலாளி வந்தார். முன்பு பெருமாள் வஸ்திரம் துவைத்தவர். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து ஈரவாடைத் தீர்த்தத்தைக் கொடுத்தார்கள். வாசனையிலேயே சொல்லிவிட்டார், இவர்தான் நம் பெருமாள் என்று. கோயில் வரலாற்று நூலான கோயிலொழுகு மரபு இப்படிச் சொல்கிறது. பண்டிதர்கள் நிறைந்த ஊரில் தீர்ப்பு வண்ணாரிடமிருந்து வந்தது. மற்றவரை வெளியே அனுப்பவும் இல்லை. திருவரங்க மாளிகையார் என்று இன்றும் உள்ளேயே இருக்கிறார்.

காட்டூர் வாசகி: நாங்கள் மூன்று தோழிகள், மூவருக்கும் ஐம்பது தாண்டியது, ஒரே வீடு எடுத்துச் சேர்ந்து வாழப் போகிறோம். ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் மூன்று கையெழுத்து. பால் கணக்கு ஒருவர் கையில். அவரவர் ஊறுகாய் அவரவருக்கு.

விருத்தாசலம் வாசகர்: எங்கள் பக்கம் இதைவிடப் பழசு ஏதாவது உண்டா என்று எழுதவே இல்லையே?

உங்களுக்குப் பக்கத்தில் வடலூரில் ஓர் அடுப்பு இருக்கிறது. 1867 மே 23ஆம் தேதி வள்ளலார் சத்திய தருமச்சாலையில் மூட்டியது, இன்னும் அணையவில்லை. வந்தவர்க்கெல்லாம் சோறு. பழைய பொருள் என்றால் பாத்திரத்தைத்தான் தேடுகிறோம். அங்கே பாத்திரம் எத்தனையோ முறை மாறியிருக்கும், விறகு தினமும் மாறுகிறது, சமைப்பவர்கள் மாறிவிட்டார்கள். நெருப்பு மட்டும் அதேதான். கடைசியில் சாம்பல் அள்ளும் வேலை யாருடையது என்று பார்த்து, அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

சமயபுரம் வாசகர்: வீட்டுக்குக் கடைக்கால் தோண்டப் போகிறேன். செம்பு நிறையத் தங்கக்காசு கிடைத்தால் எனக்குத்தானே?

2020 பிப்ரவரி 26ஆம் தேதி திருவானைக்காவல் கோயிலில் மண்ணை வெட்டியபோது பித்தளைப் பாத்திரம் ஒன்று வந்தது. உள்ளே 505 தங்கக்காசு, 1.716 கிலோ. அன்று முதல் நம் மாவட்டத்தில் மண்வெட்டி பிடிக்கும் ஒவ்வொருவரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது: கிடைத்ததன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனால் மாவட்ட ஆட்சியருக்குச் சொல்லியாக வேண்டும். பத்து ரூபாய் வரம்பை யாரும் திருத்தவில்லை. இன்றைக்குச் செம்பு காலியாக வந்தாலே அந்த வரம்பைத் தாண்டிவிடும். நூறாண்டு தாண்டிய காசு, சிலை, செப்பேடு எல்லாம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வேறு வந்துவிடும்.

மறைக்கலாமே என்று நினைக்கிறீர்கள். கடைக்கால் வெட்ட எத்தனை ஆள் வைத்திருக்கிறீர்கள், பக்கத்து மனைக்காரர் காலையில் எத்தனை மணிக்குப் பல் தேய்க்க வெளியே வருகிறார், இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.